கேட்கும் கருவியும் கேட்டுணரும் நெஞ்சமும்

ஒரு குழந்தை படிக்கக் கற்றுக்கொள்ள என்னென்ன வேண்டும்? புத்தகம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், விளக்கு வெளிச்சம் வேண்டும். இம்மூன்றும் உடனே நம் நினைவுக்கு வருகின்றன. நான்காவதாக ஒன்று உண்டு என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். குழந்தை வாய்விட்டுப் படிக்கும்போது அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் வேண்டும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குத் தான் படித்தது சரியா தவறா என்று தானாகத் தெரியாது. ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். “இன்னொரு தடவை பார் கண்ணு, நடுவில் புள்ளி வைத்த எழுத்து ஒன்று இருக்கிறது” என்று அந்த நொடியிலேயே ஒருவர் சொன்னால் பிழை திருந்தும். நாளைக்குச் சொன்னால் பயனில்லை.

அப்படிக் கேட்பதற்கு ஆள் எங்கே? நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினாலும் எண்பது நிமிடம் ஓடிவிடும். நம் செய்யூர் வட்டாரத்தில் விடியுமுன்னே உப்பளத்துக்குப் புறப்படும் தாய்மார்கள் உண்டு. கடலுக்குப் போய்வந்து வலை பிரித்துச் சீர்செய்யும் தந்தையர் உண்டு. பிள்ளை படிப்பதைக் கேட்க அவர்களுக்கும் ஆசைதான். ஆனால் பள்ளிப்படிப்பு கிட்டாதவர்கள் சரி எது, தவறு எது என்று எவ்வாறு சொல்வார்கள்? ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் குழந்தைக்கு இதுவே பெரிய குறை.

இந்தக் குறையைப் போக்க இன்று ஒரு கருவி வந்திருக்கிறது. கைப்பேசியில் இயங்கும் செயலி ஒன்று, குழந்தை படிப்பதைத் தன் ‘காதால்’ கேட்டுத் திருத்துகிறது. செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்கள். இஃது எவ்வாறு வேலை செய்கிறது? நம் வீட்டுத் தம்பி தங்கையரிடம் இதைக் கொடுத்துப் பார்க்கலாமா? கொடுத்தால் எவற்றைக் கவனிக்க வேண்டும்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசும் பொம்மையிலிருந்து கேட்கும் கருவி வரை

மனிதக் குரலை இயந்திரம் புரிந்துகொள்ள வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் நெடுநாள் கனவு. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘ஆட்ரி’ என்னும் கருவியைச் செய்தார்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரை உள்ள எண்களைச் சொன்னால் மட்டும் அது அடையாளம் கண்டுகொள்ளும். பத்தாண்டுகள் கழித்து, 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் ‘ஷூபாக்ஸ்’ என்ற கருவியைக் காட்டியது. அதற்குத் தெரிந்த சொற்கள் மொத்தம் 16!

1978இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற விளையாட்டுக் கருவியைக் குழந்தைகளுக்காக வெளியிட்டது. அது ஒரு சொல்லை உரக்கச் சொல்லும். குழந்தை அதன் எழுத்துகளைப் பொத்தான்களில் அழுத்த வேண்டும். அந்நாளில் அது பெரிய அதிசயம். ஆனால் அதற்கு வாய் இருந்ததே தவிரக் காது இல்லை. குழந்தை என்ன சொன்னாலும் அதற்குக் கேட்காது.

காது முளைத்த கருவிகள் எல்லோர் கைக்கும் வந்தது அண்மைக் காலத்தில்தான். கணினிகளின் ஆற்றல் பெருகியதும், ஏராளமான மனிதக் குரல்களைப் பதிவுசெய்து கணினிக்குப் பயிற்சி தர முடிந்ததும் இதற்குக் காரணங்கள்.

எப்படிக் கேட்கிறது?

நாம் பேசும்போது காற்றில் அதிர்வுகள் உண்டாகின்றன. கைப்பேசியில் உள்ள சிறு ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டத்தை நொடிக்கு 16,000 தடவை என்ற அளவில் அளந்து எண்களாகக் குறித்துக்கொள்வது வழக்கமான முறை. பின்னர் அந்த எண்வரிசையை, நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நீளமுள்ள சின்னச்சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்கள் ஓங்கி நிற்கின்றன என்று பார்க்கிறது. ‘ஆ’ என்பதற்கு ஒரு சாயல், ‘ஈ’ என்பதற்கு வேறொரு சாயல். முன்னமே பயிற்சியில் கேட்ட குரல்களோடு ஒப்பிட்டு, “இது இன்ன ஒலியாக இருக்கக்கூடும்” என்று கணக்கிட்டுச் சொல்கிறது.

‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லை நாம் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். கருவி உறுதியாகச் சொல்வதில்லை, ஊகித்துத்தான் சொல்கிறது. ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சில வேளை தவறாகும்.

வாசிப்புச் செயலிக்கு ஒரு வசதி உண்டு. திரையில் உள்ள பாடம் என்னவென்று அதற்கு முன்பே தெரியும். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தும் ஆசிரியரைப் போல, எதிர்பார்க்கும் சொல்லும் காதில் விழுந்த சொல்லும் ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆகவேதான் எளிய கைப்பேசியிலும் இவ்வகைச் செயலி ஓரளவு நன்றாக வேலை செய்கிறது.

நம் நாட்டில் நடந்த முயற்சி

‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் ‘ஏசர்’ ஆய்வைப் பற்றி ஆசிரியப் பெருமக்கள் அறிவார்கள். கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, குழந்தையின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாக அத்தாள் அமைந்திருக்கும். 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தது. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின், 2022இல் இது 42.8 விழுக்காடாகக் குறைந்தது.

இந்நிலையில்தான், 2019 மார்ச் மாதத்தில் கூகுள் நிறுவனம் ‘போலோ’ என்ற செயலியை இந்தியாவில் வெளியிட்டது. ‘போலோ’ என்றால் இந்தியில் ‘பேசு’ என்று பொருள். அதில் ‘தியா’ என்ற சித்திரப் பெண் தோழியாக வருவாள். குழந்தை கதையைப் படிக்கப் படிக்க அவள் கேட்பாள்; நன்றாகப் படித்தால் பாராட்டுவாள்; தெரியாத சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டுவாள். உத்தரப் பிரதேசத்தின் 200 கிராமங்களில் முதலில் முயன்று பார்த்தார்கள். மூன்று மாதங்களில் 64 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் வாசிப்பு முன்னேறியதாக அந்நிறுவனம் அறிவித்தது.

நல்ல செய்திதான். ஆயினும் கணக்குப் படிக்கும் மாணவியர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். செயலி இல்லாத குழந்தைகள் அதே மூன்று மாதங்களில் எவ்வளவு முன்னேறினார்கள்? குழந்தை என்றால் வளரத்தானே செய்யும்! இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் செயலியின் பங்கு எவ்வளவு என்று தெரியும். எந்த விளம்பரத்தையும் செய்தியையும் படிக்கும்போது இக்கேள்வி நம் நெஞ்சில் எழ வேண்டும்.

2020 மே மாதம் இச்செயலி ‘ரீட் அலாங்’ என்று பெயர் மாறி, 180 நாடுகளில் ஒன்பது மொழிகளில் வெளிவந்தது. அவ்வொன்பதில் நம் தமிழும் ஒன்று.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் அதனை முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம், நமக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பம். தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தங்கள் தெருவில் உள்ள பிள்ளைகளை மாலை வேளையில் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 ஜூன் 1 முதல் 12 வரை பள்ளிக்கல்வித் துறை, இத்தன்னார்வலர்களின் துணையோடு, ‘ரீட் அலாங்’ செயலியில் ஒரு தொடர் வாசிப்பு விழாவை நடத்தியது. கோடை விடுமுறையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் தமிழ்க் கதைகளை வாய்விட்டுப் படித்தார்கள்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. செயலியைப் பிள்ளைகளின் கையில் தனியே கொடுத்து அனுப்பிவிடவில்லை. ஒவ்வொரு மையத்திலும் ஓர் அக்கா பக்கத்தில் இருந்தார். அந்த அக்கா ஏன் தேவை என்பதை இனிப் பார்ப்போம்.

கருவியின் காது எங்கே மந்தம்?

முதலாவது, குழந்தையின் குரல். வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 120 தடவை அதிர்கின்றன. பெண்ணுக்கு 200க்கு மேல். சிறு குழந்தைக்கு 300ஐ ஒட்டி. குழந்தையின் தொண்டையும் வாயும் சிறியவை. ஆகவே ஒலியின் சாயலும் வேறு. கருவிகளுக்குப் பயிற்சி தந்த குரல்களில் வளர்ந்தவர்களின் குரலே மிகுதி. போதாக்குறைக்கு, குழந்தை நேராகவா படிக்கிறது? “ப... ப... பட்... பட்டம்!” என்று தட்டுத்தடுமாறும்; நடுவில் சிரிக்கும்; இருமும்; ஜன்னலில் காக்கை வந்தால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லும்.

இரண்டாவது, நம் தமிழின் நுட்பம். ஒரே ‘க’ எழுத்து ‘கடல்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘தங்கம்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘பகல்’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. ல, ள, ழ மூன்றும் நெருங்கிய ஒலிகள். ‘வாழை’ மரம், ‘வாளை’ மீன். ‘பணி’ வேலை, ‘பனி’ மார்கழியில் பெய்வது. இவற்றைப் பிரித்துக் கேட்க நல்ல காது வேண்டும்.

மூன்றாவது, வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும். நம் பக்கத்தில் ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாயப்பயம்’ என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. அக்குழந்தை எழுத்துகளைச் சரியாகக் கண்டு, சொல்லையும் சரியாக அறிந்துதான் படித்தது. உச்சரிப்பு மட்டும் ஊர் வழக்கம். கருவியோ ‘தவறு’ என்று சொல்லிவிடக்கூடும். வாசிப்புப் பிழை வேறு, உச்சரிப்புப் பழக்கம் வேறு என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். திரையில், ‘அவர்கள் வீட்டிற்குச் சென்றார்கள்’ என்று இருக்கிறது. ஒரு குழந்தை, “அவங்க வூட்டுக்குப் போனாங்க” என்று படிக்கிறது. கருவியின் கணக்கில் மூன்று சொல்லும் பிழை, மதிப்பெண் பூஜ்யம். ஆனால் நடந்தது என்ன? எழுத்துகளைப் பார்த்து, பொருளை முழுதும் உணர்ந்து, அதைத் தன் சொந்த மொழியில் சொல்லியிருக்கிறது அக்குழந்தை! வாசிப்பின் பயனே பொருளறிதல்தான். அதை அடைந்துவிட்ட குழந்தைக்குப் பூஜ்யமா?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கதையை நான்கு தடவை கேட்டு மனப்பாடம் செய்த குழந்தை, எழுத்தைப் பாராமலே கடகடவென்று ஒப்பித்துவிடும். கருவி நட்சத்திரங்களை அள்ளி வழங்கும். நடுவில் உள்ள ஒரு சொல்லை விரலால் தொட்டு, “இது என்ன?” என்று கேட்டால் விழிக்கும்.

ஆகவே கருவி இரண்டு வகையில் தவறலாம். தவறைச் சரி என்பது ஒன்று. சரியைத் தவறு என்பது மற்றொன்று. முதலாவதால் கொஞ்சம் காலம் வீணாகும். இரண்டாவதால் குழந்தையின் மனம் ஒடிந்துபோகும். “எனக்குப் படிப்பு வராது” என்ற எண்ணம் ஐந்து வயதில் விழுந்துவிட்டால் அதைப் பிடுங்கி எறிவது எளிதன்று. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழி நல்ல பழக்கத்துக்கு மட்டுமன்று, அச்சத்துக்கும் பொருந்தும்.

சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் பெயருக்கு முன்னே இடைக்கழிநாடு என்ற நம் பகுதியின் பெயரே நிற்கிறது. அத்தகைய மண்ணில் பிறந்த குழந்தையின் நாவில் வரும் தமிழ், கருவிக்குப் புரியவில்லை என்பதற்காகக் குறைந்ததாகிவிடாது. செந்தமிழை அவள் கற்கத்தான் வேண்டும். அதை வீட்டுத் தமிழின்மேல் நின்று கற்கட்டும். வெட்கப்பட்டுக் கற்க வேண்டாம்.

கருவியின் காதும் மெல்ல மெல்லக் கூர்மையாகி வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ‘ஏ.ஐ.ஃபார் பாரத்’ என்னும் ஆய்வுக்குழு, 22 இந்திய மொழிகளில், பல மாவட்டங்களில் மக்கள் இயல்பாகப் பேசும் பேச்சைத் திரட்டிவருகிறது. நம் ஊர்ப் பேச்சும் அத்தகைய திரட்டுகளில் சேரச் சேர, கருவிகளுக்கு நம் பேச்சு பழகும்.

உரையாடும் கருவி வேறு

இதுவரை சொன்னது கேட்டுத் திருத்தும் செயலி. இப்போது வேறொரு வகையும் வந்திருக்கிறது. குழந்தை எதைக் கேட்டாலும் குரலிலேயே பதில் சொல்லி உரையாடும் கருவிகள் அவை. “வானம் ஏன் நீலமாக இருக்கிறது?” என்றால் விளக்கம் சொல்லும், கதை சொல்லும், கேள்வியும் கேட்கும்.

இதனால் நன்மை இல்லாமலில்லை. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு பேசும் கருவி கதை சொல்லி, நடுநடுவே கேள்வி கேட்டபோது, கதையை வெறுமனே கேட்ட குழந்தைகளைவிட அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நடுவில் கேட்ட கேள்விதான் அங்கே வேலை செய்தது. கேள்வி கேட்பதற்குக் கருவிதான் வேண்டுமென்பதில்லை. பாட்டி போதும், அக்கா போதும்.

உரையாடும் கருவிக்கு விடைத்தாள் கிடையாது. இதுவரை படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களின் போக்கைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்துப் பேசுகிறது. ஆகவே தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லும். அதன் குரலில் தயக்கமே இராது. குழந்தைக்கோ நம்பிச்சொல்பவர் எல்லாரும் ஆசிரியரே.

பேசும் கருவிகள் ஆபத்தையும் சொல்லிவிடக்கூடும். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, ‘அலெக்சா’ என்ற பேசும் கருவியிடம் விளையாட ஒரு சவால் கேட்டாள். பாதி செருகிய மின்செருகியின் வெளியே தெரியும் உலோகத்தில் நாணயத்தால் தொடும்படி அது சொன்னது! இணையத்தில் எங்கோ கிடந்ததை எடுத்து அப்படியே படித்துவிட்டது. நல்லவேளையாகத் தாய் பக்கத்திலேயே இருந்தார், தடுத்துவிட்டார். பின்னர் அந்நிறுவனம் அப்பிழையைத் திருத்தியது. மின்சாரம் என்றால் என்ன, குழந்தை என்றால் யார் என்று கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சொற்கள்.

வீட்டில் முயன்று பார்ப்பது எப்படி?

தோழியரே! வீட்டில் ஐந்து முதல் எட்டு வயதுவரை தம்பியோ தங்கையோ இருந்தால், பெற்றோரின் இசைவோடு, இரண்டு வாரம் இதனைச் சோதித்துப் பாருங்கள். விஞ்ஞானக் கண்காட்சிக்கு உரிய நல்ல செயல்முறை இது.

1. முதலில் கருவிக்குத் தேர்வு வையுங்கள். பத்து வரிகளை நீங்களே படியுங்கள். அவற்றில் மூன்று சொற்களை வேண்டுமென்றே தவறாகச் சொல்லுங்கள்; ‘வாழை’யை ‘வாளை’ என்று ஒருமுறை படியுங்கள். எத்தனை பிழைகளைப் பிடித்தது? சரியாகப் படித்ததைத் தவறென்றதா? இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்விசிறியை ஓடவிட்டு இன்னொருமுறை செய்து பாருங்கள்.

2. தொடங்கும் நாளில், அச்சிட்ட புத்தகத்தில் குழந்தைக்குப் புதிதான ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தடுமாறிய சொற்களைத் தாளில் குறித்துவையுங்கள்.

3. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அமைதியான இடம் வேண்டும். மிக்சியும் தொலைக்காட்சியும் ஓடும் நேரம் ஆகாது. குழந்தை சலித்துக்கொண்டால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

4. நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். கருவி தவறாகத் திருத்தினால் உடனே, “நீ சரியாத்தான் படிச்ச. அதுக்குத்தான் காது கேக்கல” என்று சொல்லிவிடுங்கள். குழந்தை சிரிக்கும்; அச்சம் போய்விடும்.

5. கதை முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் என்ன செய்தார்கள்? ஏன் செய்தார்கள்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? பதில் எந்தத் தமிழில் வந்தாலும் வரவேற்றுக்கொள்ளுங்கள்.

6. நட்சத்திரத்துக்காக எளிய கதையையே திரும்பத் திரும்பப் படிக்கிறதா என்று பாருங்கள். வேகத்தையும் பெரிதாக எண்ண வேண்டாம். ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல மூன்று சொற்கள் வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கு எல்லா மொழிக்கும் ஒன்றுபோல் பொருந்தாது.

7. இரண்டு வாரம் கழித்து, முன்பு படித்ததைப் போன்ற கடினமுள்ள வேறொரு பக்கத்தை, அச்சிட்ட புத்தகத்திலேயே படிக்கச் சொல்லுங்கள். திரையில் பெற்ற முன்னேற்றம் தாளுக்கும் வந்திருக்கிறதா? அதுவே உண்மையான தேர்வு.

ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே முடிவு சொல்லிவிட முடியாது. அந்த இரண்டு வாரத்தில் அவள் பள்ளிக்கும் போயிருப்பாள். ஆனால் உங்கள் தங்கைக்கு இது உதவுகிறதா என்பது உங்களுக்கு விளங்கும். பல மாணவியர் தத்தம் குறிப்புகளைக் கொண்டுவந்து வகுப்பில் ஒன்றுசேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கும்.

பெற்றோர் கவனத்திற்கு

குழந்தையின் குரலும் குழந்தையின் சொத்தே. செயலி அதைக் கைப்பேசிக்குள்ளேயே கேட்டு மறந்துவிடுகிறதா, வெளியே எங்கேனும் அனுப்பிச் சேமிக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். ‘ரீட் அலாங்’ செயலியில் குரலைக் கருவியிலேயே ஆராய்வதாகவும், தங்கள் கணினிகளுக்கு அனுப்புவதில்லை என்றும் கூகுள் கூறியது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கதைகளை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்போதும் வேலை செய்தால், கேட்கும் வேலை கைப்பேசிக்குள்ளேயே நடக்கக்கூடும் என்று தெரிகிறது. ஆயினும் குரலைச் சேமித்துப் பிறகு அனுப்புகிறதா என்பதை இச்சோதனை காட்டாது. அதற்கு நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

எல்லா நிறுவனங்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டின்பேரில், 2023இல் அமேசான் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 2.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே ‘சம்மதம்’ என்ற பொத்தானைக் குழந்தையின் விரல் அழுத்தக்கூடாது. பெரியவர்கள் படித்துப் பார்த்து அழுத்த வேண்டும். குழந்தையின் முழுப்பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றைப் பேசும் கருவியிடம் சொல்லக்கூடாது என்றும் பழக்குவது நலம்.

எழுதப் படிக்கத் தெரியாத அன்னையருக்கும் ஒரு சொல். “எனக்கு என்ன தெரியும்?” என்று ஒதுங்கிவிட வேண்டாம். எழுத்துப் பிழையைக் கருவி பார்த்துக்கொள்ளட்டும். “கதையில என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லு” என்று நீங்கள் கேட்கலாம் அல்லவா? அந்தக் கேள்விக்காகவே குழந்தை இன்னொருமுறை கவனித்துப் படிக்கும். அப்பணியைச் செய்ய எழுத்தறிவு வேண்டியதில்லை.

முடிவாக

கருவிக்குப் பொறுமை அதிகம். நூறு தடவை தவறினாலும் கோபிக்காது; அடிக்காது; களைக்காது. பிறர் முன்னிலையில் படிக்கக் கூச்சப்படும் குழந்தைக்கு இது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் ஒரு காது கிடைத்தது என்று நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.

ஆனால் அந்தக் காதுக்குப் பின்னே நெஞ்சம் இல்லை. நேற்று ‘மீன்’ என்று படிக்கத் திணறிய தங்கை இன்று ‘மீனவர்’ என்று ஒரே மூச்சில் படித்தால், கருவி அதை ஒரு நட்சத்திரமாகக் கணக்கில் சேர்க்கும். அந்தச் சொல்லின் பின்னே கடலுக்குப் போயிருக்கும் தன் தந்தையை அவள் நினைக்கிறாள் என்பது பக்கத்தில் இருக்கும் அக்காவுக்குத்தான் தெரியும்.

எனவே, மாணவியரே, நாள்தோறும் பத்து நிமிடம் உங்கள் வீட்டுச் சின்னஞ்சிறாருக்கு ஒதுக்குங்கள். செயலி கிடைத்தால் செயலியோடு. கிடைக்காவிட்டால் பழைய பாடப்புத்தகத்தோடு. அவர்கள் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.